மெயிலில் திரும்பத் திரும்ப அதே ஆங்கிலப் பிழைகள்: எனக்கு ஏன் அவை தப்பாகத் தெரிவதில்லை?

புதுவேலை எழுதியது:

வணக்கம். +2 வரை தமிழ் வழியில் படித்தவன். இன்ஜினியரிங் முடித்து கோவையில் ஒரு கம்பெனியில் 8 மாதமாக வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு கஸ்டமருக்கு மெயில் போடுவது என் பொறுப்பு. போவதற்கு முன் மேனேஜர் ஒரு தடவை பார்ப்பார். நல்ல மனிதர், திட்டமாட்டார், திருத்திக் கொடுத்துவிடுவார். ஆனால் 8 மாதமாக அதே இடங்களில்தான் திருத்தம் வருகிறது. நேற்று பழைய மெயில்களை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தேன். அடிக்கடி வந்தவை இவை:

“வீ டிஸ்கஸ்ட் அபவுட் தி டிராயிங்.”
“ஐ ஹேவ் சென்ட் தி ஃபைல் எஸ்டர்டே.”
“ஐ ஹேட் கான் டு தி பிளான்ட் லாஸ்ட் வீக்.”
“வீ ஆர் யூஸிங் திஸ் மெஷின் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்.”
“ஐ டோன்ட் நோ வேர் இஸ் தி பார்சல்.”
“ஐ வில் கால் யூ வென் ஐ வில் ரீச் தி ஆபீஸ்.”

இலக்கணப் புத்தகம் வைத்திருக்கிறேன். விதியைப் படித்தால் புரிகிறது. எழுத உட்கார்ந்தால் கை இப்படித்தான் போகிறது. இந்த வாக்கியங்களைப் படித்துப் பார்த்தால் எனக்குச் சரியாகவே படுகின்றன. அதுதான் பயமாக இருக்கிறது. எங்கே தப்பு என்பதோடு, எனக்கு ஏன் அது தப்பாகத் தெரியவில்லை என்றும் யாராவது சொல்ல முடியுமா?

ஷிஃப்ட்முடிந்தது எழுதியது:

தம்பி, நான் 9 வருஷம் கால் சென்டரில் இருந்தேன், அதில் 4 வருஷம் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: தமிழில் யோசித்து மொழிபெயர்ப்பதை நிறுத்துங்கள். நேராக ஆங்கிலத்தில் யோசியுங்கள். தினமும் அரை மணி நேரம் ஆங்கிலச் செய்தி கேளுங்கள், சத்தமாகப் படியுங்கள். காது பழகிவிட்டால் தப்பான வாக்கியம் தானாக உறுத்தும். விதி, காரணம் என்று போனால் பேச்சு வராது.

கரும்பலகை எழுதியது:

மேலே எழுதியவர் காது பழக வேண்டும் என்கிறார். அது சரி. ஆனால் தம்பி கேட்டது வேறு. 31 வருஷம் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். “ஆங்கிலத்தில் யோசி” என்று எத்தனையோ பிள்ளைகளிடம் நானும் சொல்லியிருக்கிறேன். யோசிப்பதற்கே ஆங்கிலம் இல்லாத பிள்ளைக்கு அந்த அறிவுரையால் ஒன்றும் ஆகவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் விடைத்தாளை வேறு மாதிரி பார்க்கக் கற்றுக்கொண்டேன். பிழையைச் சுழித்துவிட்டு, பக்கத்திலேயே அந்த வாக்கியத்தின் தமிழை எழுதுவேன். பெரும்பாலும் அந்தத் தமிழ் பிசகில்லாமல் இருக்கும்.

தம்பி, உங்கள் ஆறு வாக்கியங்களுக்குப் பின்னாலும் அப்படி ஒரு நல்ல தமிழ் வாக்கியம் இருக்கிறது. அதனால்தான் உங்கள் காதுக்கு உறுத்தவில்லை.

மூன்றாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், தமிழ்நாட்டில் மிகவும் அதிகமாகப் பார்த்தது அதைத்தான். “போன வாரம் பிளான்ட்டுக்குப் போயிருந்தேன்.” எவ்வளவு இயல்பான தமிழ்! போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன் என்ற நிழலும் அந்தப் “போயிருந்தேன்”இல் இருக்கிறது. அதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்தால் “ஹேட் கான்” ஆகிறது. ஆனால் ஆங்கிலத்தில் “ஹேட் கான்” என்று கேட்டதும் எதிரில் இருப்பவர் இன்னொரு சம்பவத்துக்காகக் காத்திருப்பார். நடந்துபோன இரண்டு காரியங்களில் எது முந்தியது என்று காட்டத்தான் அங்கே அந்த வடிவம். “வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெய்ன் ஹேட் லெஃப்ட்.” நான் போவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. இரண்டாவது சம்பவம் இல்லையென்றால் “ஐ வென்ட் டு தி பிளான்ட் லாஸ்ட் வீக்” போதும். “போயிருந்தேன்” என்று மனதில் வரும்போதெல்லாம் “எதற்கு முன்னால்?” என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். பதில் இல்லையா, “வென்ட்”.

இரண்டாவதும் அதன் கூடப்பிறந்ததுதான். “நேற்றே ஃபைலை அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்” என்போம். நேற்று அனுப்பியதும் இன்று அது அவரிடம் இருப்பதும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் “ஹேவ் சென்ட்” இன்றைப் பற்றிய பேச்சு. முடிந்துபோன நேரத்தைச் சொல்லும் “எஸ்டர்டே”, “லாஸ்ட் வீக்”, “இன் 2019” எதையும் அது பக்கத்தில் உட்கார விடாது. “ஐ ஹேவ் சென்ட் தி ஃபைல்” சரி. “ஐ சென்ட் தி ஃபைல் எஸ்டர்டே” சரி. இரண்டையும் கலக்கக்கூடாது, அவ்வளவுதான்.

நான்காவதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. “5 வருஷமாக இந்த மெஷினைப் பயன்படுத்துகிறோம்.” தமிழில் நிகழ்காலமே போதும், “வருஷமாக” என்ற சொல் மீதியைப் பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் வினையும் அந்த நீளத்தைச் சுமக்க வேண்டும்: “வீ ஹேவ் பீன் யூஸிங்.” அப்புறம் “சின்ஸ்”. இதற்கு நம் கையிலேயே அளவுகோல் இருக்கிறது. தமிழில் “ஆக” என்று முடிந்தால் “ஃபார்”. “இலிருந்து” என்று முடிந்தால் “சின்ஸ்”. 5 வருஷமாக, 3 நாளாக, ரொம்ப நேரமாக: எல்லாம் “ஃபார்”. 2019-இலிருந்து, திங்கட்கிழமையிலிருந்து, காலையிலிருந்து: எல்லாம் “சின்ஸ்”. இதைச் சொன்ன பிறகு என் வகுப்பில் இந்தப் பிழை சட்டென்று குறைந்தது. புத்தகத்தில் இருக்கும் “கால அளவு, தொடக்கப் புள்ளி” என்ற விளக்கம் எந்தப் பிள்ளைக்கும் பரீட்சை நேரத்தில் ஞாபகம் வந்ததில்லை.

ஐந்தாவது. “பார்சல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.” நம்மிடம் “என்று” இருக்கிறது. எந்தக் கேள்வியையும் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அதன் முன் வைத்துவிடலாம். ஆங்கிலத்தில் “என்று” கிடையாது. பெரிய வாக்கியத்துக்குள் போகும் கேள்வி அங்கே தன் கேள்வி வடிவத்தை இழந்துவிட வேண்டும்: “ஐ டோன்ட் நோ வேர் தி பார்சல் இஸ்.” இதே காரணத்தால்தான் நேர்க் கேள்வியிலும் தடுமாறுகிறோம். “நீ எப்போது வருகிறாய்?” என்பதில் எந்தச் சொல்லும் இடம் மாறவில்லை. அதனால் “வென் யூ ஆர் கமிங்?” என்று கேட்கிறோம். தமிழில் சொற்கள் இரண்டு இடத்திலும் அசையாது, ஆங்கிலத்தில் நேர்க் கேள்வியில் அசையும், உள்ளே போன கேள்வியில் அசையாது.

ஆறாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. “ஆபீஸ் போய்ச் சேரும்போது கூப்பிடுகிறேன்.” அந்தச் “சேரும்” எதிர்காலப் பெயரெச்சம். தமிழே எதிர்காலத்தைச் சொல்லும்போது நீங்கள் “வில்” போட்டது நியாயம்தான். ஆங்கிலத்தில் நேரத்தையோ நிபந்தனையையோ காட்ட “வென்”, “இஃப்”, “பிஃபோர்”, “ஆஃப்டர்”, “அன்டில்” வந்தால் நடக்கப்போவதைக்கூட நிகழ்காலத்தில்தான் சொல்வார்கள். “வில்” முதன்மை வாக்கியத்தில் ஒரு தடவை வந்தால் போதும்: “ஐ வில் கால் யூ வென் ஐ ரீச் தி ஆபீஸ்.”

முதலாவதைக் கடைசியில் சொல்கிறேன். “டிராயிங்கைப் பற்றிப் பேசினோம்.” அந்தப் “பற்றி”தான் “அபவுட்”. “டாக்” என்ற வினைக்கு அது வேண்டும், “டிஸ்கஷன்” என்ற பெயருக்கும் பொருந்தும். “டிஸ்கஸ்” மட்டும் “பற்றி”யைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. தமிழில் “அலசினோம்” என்று நினைத்துக்கொள்ளுங்கள். “டிராயிங்கை அலசினோம்” என்போம், “டிராயிங்கைப் பற்றி அலசினோம்” என்று யோசித்தால் கொஞ்சம் இடிக்கிறது அல்லவா? “ரீச்ட் டு சென்னை”யும் இந்த வகைதான், “சென்னைக்கு” என்பதில் இருக்கும் “கு” செய்கிற வேலை. “லிஸன் மியூசிக்”கில் அதுவே தலைகீழ், அங்கே “லிஸன் டு” வேண்டும்: “பாட்டைக் கேள்” என்பதில் “டு” போட இடமே இல்லை.

எல்லாப் பிழையும் தமிழிலிருந்து வருவதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். “எக்ஸ்பிளெய்ன் மீ” என்று எழுதுகிறார்கள். “எனக்கு விளக்குங்கள்” என்ற தமிழைப் பின்பற்றியிருந்தால் “டு மீ” சரியாகவே வந்திருக்கும். “டெல் மீ”, “கிவ் மீ” என்று கேட்டுக் கேட்டு அதே அச்சில் வார்க்கிறார்கள். அது ஆங்கிலமே வைத்த பொறி.

வடமராட்சி எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. நான் யாழ்ப்பாணத்தில் ஏ.எல். வரை தமிழ் மொழிமூலம் படித்தவள். நாங்கள் “அதைப் பற்றிக் கதைத்தோம்” என்போம், எழுதும்போது அதே “டிஸ்கஸ் அபவுட்”தான். கடலுக்கு இந்தப் பக்கமும் அதே பிழை அதே காரணத்தால் வருவதைப் பார்க்க ஆச்சரியமாக இருக்கிறது.

எனக்குப் பெரிய தலையிடி “தி”. “அ”, “ஆன்”, “தி” மூன்றும் தமிழில் இல்லாதபடியால் எங்கே போட வேண்டும் என்று கை தடவிக்கொண்டே இருக்கிறேன். இதற்கும் தமிழில் ஏதாவது பிடி இருக்கிறதா?

மூன்றாம்வகுப்பு_அம்மா எழுதியது:

நானும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன் ஐயா. என் மகள் “ஐ டிட் நாட் வென்ட்” என்றுதான் எழுதுவாள். எத்தனை முறை அடித்துத் திருத்தினாலும் மறுநாள் அதே. “டிட் பாஸ்ட், அதனால் வென்ட்டும் பாஸ்ட்தானே அம்மா” என்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. “யூ வாஸ்” என்றும் எழுதுகிறாள், நீ ஒரே ஆள்தானே என்று கேட்கிறாள்.

கரும்பலகை எழுதியது:

அம்மா, உங்கள் மகள் நன்றாக யோசிக்கிறாள். இரண்டுமே கூர்மையான கேள்விகள்.

“போகவில்லை” என்ற சொல்லைப் பாருங்கள். நான் போகவில்லை, அவள் போகவில்லை, நேற்று போகவில்லை, இன்னும் போகவில்லை. காலமும் இல்லை, ஆளும் இல்லை. “வில்லை” ஒரு கட்டி. குழந்தை “டிட் நாட்” என்பதையும் அப்படி ஒரு கட்டியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. அப்புறம், நேற்று நடந்தது என்று எங்கேயாவது காட்ட வேண்டுமே என்று “வென்ட்” போடுகிறது. அவளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அண்ணன் பையை வாங்கிக்கொண்டால் தங்கை கை வீசிக்கொண்டு நடப்பாள். “டூ” அண்ணன். நேற்று என்ற சுமையை வாங்கி “டிட்” ஆகிவிட்டான், அதனால் “கோ” வெறும் கையோடு வரலாம். “ஹி டஸ் நாட் கோஸ்” என்ற பிழைக்கும் இதே பதில். அந்த “ஸ்” சுமையையும் அண்ணன்தான் வாங்கிக்கொண்டான். ஷேக்ஸ்பியர் காலத்தில் “ஐ நோ நாட்” என்று அண்ணன் இல்லாமலே எழுதும் வழக்கமும் இருந்தது. பிறகுதான் “டூ” கட்டாயமானது.

“யூ வாஸ்” இன்னும் சுவையான விஷயம். பழைய ஆங்கிலத்தில் நம் “நீ”க்கு “தவ்” என்று தனிச் சொல் இருந்தது. “யூ” பன்மை, அதாவது “நீங்கள்”. மரியாதைக்காக ஒருவரையே “யூ” என்று அழைக்கத் தொடங்கி, காலப்போக்கில் “தவ்” வழக்கொழிந்து எல்லோரும் “யூ” ஆகிவிட்டார்கள். ஒருவரைப் பார்த்துப் பேசினாலும் “நீங்கள் இருந்தீர்கள்” என்றுதானே முடிப்போம்? அதனால்தான் “யூ ஆர்”, “யூ வேர்”. “யூ என்றால் நீங்கள்” என்று மகளிடம் சொல்லுங்கள், போதும்.

வடமராட்சித் தங்கைக்கு: பிடி இருக்கிறது, ஆனால் முழுப் பிடி இல்லை. “புத்தகம் வாங்கினேன்”, “புத்தகத்தை வாங்கினேன்” இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதில் நீங்களும் நானும் முன்பே பேசிய புத்தகம். அந்த “ஐ” உருபு வந்தால் பெரும்பாலும் “தி”, வராவிட்டால் “அ”. “ஐ பாட் அ புக்”, “ஐ பாட் தி புக்”. இது அஃறிணைக்குத்தான் உதவும். மனிதர்களைச் சொன்னால் தமிழில் எப்படியும் “ஐ” வரும்: “டாக்டரைப் பார்த்தேன்” என்றால் தெரிந்த டாக்டரா, யாரோ ஒருவரா என்று உருபு சொல்லாது. எழுவாயிலும் உதவாது. “பஸ் வந்தது” என்பதில் உருபே இல்லை. அங்கே முன்னால் “அந்த” போட்டுப் படியுங்கள். கேட்பவர் “எந்த?” என்று திருப்பிக் கேட்கமாட்டார் என்றால் “தி”.

“அ”, “ஆன்” வேறுபாடு நமக்குப் புதிதே இல்லை. உயிரெழுத்துக்கு முன் “ஓர்”, மற்றவற்றுக்கு முன் “ஒரு”: ஓர் ஊர், ஒரு மரம். அதே சங்கதிதான். ஆங்கில எழுத்தைப் பார்க்காதீர்கள், சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். மணி நேரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் “அவர்” என்று உயிரில் தொடங்குகிறது, அதனால் “ஆன் அவர்”. “யூனிஃபார்ம்” உயிர்மெய்யில் தொடங்குகிறது, அதனால் “அ யூனிஃபார்ம்”. “ஆன் எம்.எல்.ஏ.”, “ஆன் ஆனஸ்ட் மேன்”, “அ ஹவுஸ்”.

வடமராட்சி எழுதியது:

ஐயா, “ஐ” உருபு விஷயம் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது. ஆனால் தமிழில் எழுதிப் பார்க்கும் வழி ஓரிடத்தில் பிழைக்கிறது. “ஒன்-வே டிக்கெட்” என்று தமிழில் உயிரெழுத்தில்தான் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் “அ” தானே வரும்?

கரும்பலகை எழுதியது:

சரியாகப் பிடித்தீர்கள். எழுதிப் பார் என்று சொன்னது போதாது, சொல்லிப் பார் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் சொல்வது “வன்”. பேச்சில் நாம் “ஒன்று” என்பதை “வொன்று” என்றும் “எட்டு” என்பதை “யெட்டு” என்றும் கொஞ்சம் வழுக்கிச் சொல்வதால் நம் எழுத்துக்கும் ஒலிக்கும் நடுவில் அந்த இடைவெளி இருக்கிறது. இதன் மறுபக்கமும் உண்டு. முட்டையை “யெக்” என்று உச்சரிக்கும் பிள்ளை “அ எக்” என்று எழுதும். அதற்கு உச்சரிப்பைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

ஷிஃப்ட்முடிந்தது எழுதியது:

முதலில் நான் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். “போயிருந்தேன்” விளக்கத்தைப் படித்ததும் பயிற்சிக்கு வந்தவர்கள் முகம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒவ்வொரு பேட்ச்சிலும் இந்தப் பிழையைத் திருத்தினேன், ஒரு தடவைகூடக் காரணம் சொன்னதில்லை.

பேச்சில் நான் பார்த்த ஒன்றைச் சேர்க்கிறேன், ஐயா பார்த்துச் சொல்லட்டும். நாம் தினமும் பேசும் தமிழில் ஆங்கிலச் சொல் நிறைய. ஆனால் எந்தச் சொல்லாக இருந்தாலும் “பண்ணு”, “ஆகு” இரண்டில் ஒன்றை ஒட்டிவிடுகிறோம். ஆஃப் பண்ணு, மேரேஜ் பண்ணு, லேட் பண்ணாதே, டென்ஷன் ஆகாதே. பெயரா, வினையா, வேறு எதுவுமா என்று பார்க்க வேண்டிய தேவையே வருவதில்லை. ஆங்கிலம் பேசும்போது “பண்ணு”வைக் கழற்றிவிட்டு மீதியை வினையாக ஓட்டுகிறோம். “ஐ ஆஃப்ட் தி சிஸ்டம்”, “ஹி மேரேஜ்ட் ஹெர்”, “டோன்ட் லேட்”, “ஐ ஆம் டென்ஷன்” எல்லாம் இப்படி வந்தவைதான். “ஐ டர்ன்ட் ஆஃப் தி சிஸ்டம்”, “ஹி மேரீட் ஹெர்”, “டோன்ட் பி லேட்”, “ஐ ஆம் டென்ஸ்” என்று ஒவ்வொன்றையும் தனியாகப் பழக வேண்டியிருக்கிறது. “போர் அடிக்கிறது” என்பது “ஐ ஆம் போரிங்” ஆகும்போது பொருளே தலைகீழ். நான் மற்றவர்களுக்குச் சலிப்பூட்டுகிறவன் என்று ஆகிவிடும். “ஐ ஆம் போர்ட்” என்று சொல்ல வேண்டும்.

இன்னொன்று “தான்”. “நேற்றுதான் வந்தேன்” என்பதை “எஸ்டர்டே ஒன்லி ஐ கேம்” என்பார்கள். கஸ்டமர் காதில் அது நேற்று மட்டும் வந்தேன், மற்ற நாளில் வரவில்லை என்று விழுகிறது. “ஐ ஜஸ்ட் கேம் எஸ்டர்டே” என்றால் சரியாகப் போய்ச் சேரும். “அவர்தான் சொன்னார்” என்பதற்கு “ஹி ஒன்லி டோல்ட்” வேண்டாம். “ஹி” மேல் குரலை அழுத்தி “ஹி டோல்ட் மீ” என்றால் போதும். நம் “தான்” செய்யும் வேலையை அங்கே குரல் செய்கிறது.

தாமிரபரணி எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் ஒரு வருத்தம். “கசின் பிரதர்”, “கோ-பிரதர்”, “ப்ரீபோன்”, “அவுட் ஆஃப் ஸ்டேஷன்” என்று நாம் சொல்வதை எல்லாம் பிழைப் பட்டியலில் போட்டு நம் பிள்ளைகளைக் கூனிக் குறுக வைக்கிறார்கள். பெரியப்பா மகன் நமக்கு அண்ணன், மாமா மகன் மச்சான். வெறும் “கசின்” என்று சொன்னால் அந்த வித்தியாசம் எங்கே போகும்? சகலைக்கு ஆங்கிலத்தில் தனிச் சொல்லே இல்லை. நம் தேவைக்கு நாம் சொல் செய்துகொண்டோம். இதில் என்ன தப்பு?

கரும்பலகை எழுதியது:

இதில் தப்பே இல்லை. சொல் இல்லாத இடத்தில் சொல் செய்வதும் இலக்கணம் தடுமாறுவதும் வேறு வேறு. “போஸ்ட்போன்” இருக்கும்போது “ப்ரீபோன்” இருக்கலாம் என்று நினைத்தது நல்ல மூளை. இந்தியாவுக்குள் அது எல்லோருக்கும் புரிகிறது. தம்பி வெளிநாட்டுக் கஸ்டமருக்கு எழுதுவதால் “மூவ் தி மீட்டிங் எர்லியர்” என்று எழுதினால் அவருக்கு மறுபடி கேட்டு எழுதும் வேலை மிச்சம். ஊரில் சகலையை “மை கோ-பிரதர்” என்று அறிமுகப்படுத்தும்போது யாரும் திருத்த வேண்டியதில்லை. ஆனால் “ஐ ஹேவ் சென்ட் எஸ்டர்டே” என்பதை நம் ஆங்கிலம் என்று சொல்லி விட்டுவிட எனக்கு மனம் வராது. தேர்விலும் நேர்காணலிலும் இந்தப் பிள்ளைகளுக்குத்தான் அதனால் மதிப்பெண் போகிறது.

புதுவேலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக ஒவ்வொரு மெயிலையும் எழுதிவிட்டு, அடியில் அதன் தமிழை எழுதிப் பார்த்தேன். “போயிருந்தேன்”, “என்று”, “ஆக” மூன்றும் வரும் இடத்தில் நின்று யோசிக்கிறேன். இன்று போன மெயில் இது, மேனேஜர் ஒரு இடத்தில்தான் கை வைத்தார்:

“வீ டிஸ்கஸ்ட் தி டிராயிங் ஆன் மண்டே. ஐ வென்ட் டு தி பிளான்ட் எஸ்டர்டே அண்ட் செக்ட் மெஷின். வீ ஹேவ் பீன் யூஸிங் இட் ஃபார் ஃபைவ் இயர்ஸ். ஐ வில் ரைட் டு யூ வென் ஐ கெட் தி ரிப்போர்ட்.”

எந்த இடம் என்று நான் சொல்லவில்லை ஐயா, நீங்கள் கண்டுபிடிப்பீர்கள்.

கரும்பலகை எழுதியது:

“மெஷினைச் சரிபார்த்தேன்.” “ஐ” இருக்கிறது பாருங்கள்.

புதுவேலை எழுதியது:

“செக்ட் தி மெஷின்.” அதேதான் ஐயா.